கூறையும் கத்தரிக்கோலும்: ஓர் அறவியல் நோக்கு

யாழ்ப்பாணத்துச் சைவத் திருமணத்திலே தாலிக்கு முன்னர் மணமகளின் கைக்கு வருவது கூறைச்சேலை. தட்டத்தில் தாலியோடு வைக்கப்பெற்றுச் சபையோரிடம் கொண்டுசெல்லப்படும் அச்சேலையை மூத்தோர் தொட்டு ஆசி வழங்குவர். மணமகன் அதனைக் கொடுக்க, மணமகள் உள்ளே சென்று, பிறந்தகத்தார் உடுத்திவிட்ட சேலையைக் களைந்து, கூறை உடுத்து மணவறைக்கு மீள்வாள். அதன் பின்னரே தாலி ஏறும். ஒரு குடும்பத்தின் மகள் பிறிதொரு குடும்பத்தின் மருமகளாகும் மாற்றத்தை மந்திரத்துக்கு முன்னரே ஆடை அறிவித்துவிடுகின்றது.

அந்த ஒரு நாளிலே கூறை தன் பெரும்பணியைச் செய்து முடிக்கின்றது. பின்னர் கோயிற் காரியங்கள் சிலவற்றுக்கும் உறவினர் திருமணங்களுக்கும் உடுக்கப்பெற்று, ஈற்றில் அலுமாரியின் அடித்தட்டிலே மடிந்து கிடக்கும். சுமங்கலியாக இறந்தவளுக்கு அதனையே உடுத்தி வழியனுப்பும் வழக்கமும் சில குடும்பங்களிடையே உண்டு. அவ்வாறு போகாதது மகளிடம் வந்து சேரும். இன்று, யாழ்ப்பாணத்திலும் புலம்பெயர்ந்து வாழ்வோரிடையேயும், பழைய பட்டுச் சேலையைத் தையற்காரரிடம் கொடுத்து வேறொன்றாக்கும் வழக்கம் பெருகிவருகின்றது. கரை ஒரு சட்டைக்கும், உடற்பகுதி சிறுமியின் பாவாடைக்கும், தலைப்பு கைப்பைக்கும் ஆகின்றன. கூறையும் இவ்வழியே செல்லும்போது, வீட்டு மூத்தவர் ஒருவர் ‘கூறையிலே கத்தரிக்கோல் வைக்கலாமா?’ என்று கேட்கின்றார். மகளோ ‘வைக்காவிட்டால் அது எதற்கு?’ என்று கேட்கின்றாள். இவ்விரு வினாக்களும் குடும்பத்து வாய்ப்பேச்சாகத் தோன்றினும், இறந்தகாலத்துக்கு இருப்போர் ஆற்றவேண்டிய கடன் யாது என்னும் பெருவினாவை உள்ளடக்கியவை. ஆதலின் அவற்றை நிதானமாக நோக்குதல் தகும்.

தமிழ்மொழி தன் சொல்வளத்திலேயே இவ்வினாவுக்கு ஒரு குறிப்பை வைத்திருக்கின்றது. ஆடையைக் குறிக்கும் பழஞ்சொற்களுள் ‘அறுவை’ ஒன்று; சங்கப் புலவருள் ஒருவர் மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் எனப் பெயர் பெற்றவர். தறியிலிருந்து அறுக்கப்படுவதால் அது அறுவை, துணிக்கப்படுவதால் துணி, துண்டு என்பதும் அவ்வழியதே. கூறையையும் கூறு என்னும் சொல்லோடு தொடர்புபடுத்திப் பொருள்கொள்ள இடமுண்டு. வெட்டுண்ட பின்னரே ஆடை ஆடையாகின்றது என்னும் உண்மையை இப்பெயர்கள் சுட்டுகின்றன. மேலும், துணிதல் என்னும் வினை வெட்டுண்ணுதலையும் ஒன்றனை முடிவு செய்தலையும் ஒருங்கே குறிக்கும். துணியை வெட்டுபவர் ஒரு முடிவை எடுக்கின்றார். அம்முடிவுக்குப் பொறுப்பும் அவருடையதே.

வெட்டலாகாது என்போரின் வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. கூறை ஒரு பண்டமாக வாங்கப்பட்டதாயினும் பண்டமாக நிலைபெறவில்லை. பலர் கைதொட்டு வாழ்த்தியது அது. ஒருத்தியின் வாழ்வு திசைமாறிய வேளைக்குச் சாட்சியானது. சாட்சியைத் துண்டாடினால் அது சாட்சியாக நில்லாது என்பது அவர்கள் கருத்து. அதற்கெதிராக, வைத்திருத்தலும் ஒருவகை அழிவே என்பது மற்றையோர் கூறும் விடை. சரிகை பாய்ந்த பட்டை ஒரே மடிப்பில் ஆண்டுக்கணக்காக வைத்திருந்தால், மடிப்புக் கோடுகளிலே இழை முறியத் தொடங்கும். விரித்துப் பார்க்கும் நாளில் நேர்கோடுகளாகக் கிழிந்திருக்கும் கூறைகளைக் கண்டவர் பலர். மனிதர் கத்தரிக்கோலை எடுக்காவிடினும் காலம் எடுத்தே தீரும்.

இந்தியத் தத்துவ மரபில் நூலும் ஆடையும் காரண காரியத் தொடர்பை விளக்கும் நிலையான எடுத்துக்காட்டுகள். சைவசித்தாந்தம் சற்காரியவாதத்தை ஏற்பது. காரியம் காரணத்திலே முன்னரே உள்ளது என்பது அதன் கொள்கை. அதன்படி ஆடை நூலிலே அடங்கியிருந்து வெளிப்பட்டது. வெட்டுண்டு வேறொன்றானபோதும் உள்ளது இல்லாததாகிவிடவில்லை. நியாய வைசேடிகரோ ஆடை நூலின் வேறான புதுப்பொருள் என்பர். ஆடையிலிருந்து ஒரு பகுதி நீங்கினும் பழைய ஆடை அழிந்தது. எஞ்சியிருப்பது புதிதாகத் தோன்றிய வேறோர் ஆடை. முன்னைய நெறியில் நின்று நோக்கின் கைப்பையிலும் கூறை உண்டு. பின்னைய நெறியில் நின்று நோக்கின் முதல் வெட்டிலேயே கூறை மாண்டது.

எனினும் இவ்விரு கொள்கைகளுள் எது வெல்லினும் மூத்தவரின் வினாவுக்கு அது விடையாகாது. அவர் இழைகளின் இருப்பைப் பற்றிக் கவலைப்படவில்லை. அந்த இழைகளைப் பார்க்கும்போது ஒருத்தியை நினைக்க முடிகின்றதே, அந்நினைவைப் பற்றிக் கவலைப்படுகின்றார். நினைவு நூலிலே நெய்யப்பட்டதன்று. அறிந்தவர் நெஞ்சிலே இருப்பது. தாயின் கூறையை அறியாத ஒருவர் கையில் அது முழுமையாக இருப்பினும் வெறும் பழைய பட்டே. அறிந்தவள் கையில் ஒரு சாண் கரையும் கூறையே. எனவே வினா பொருளின் இயல்பிலிருந்து மனிதரின் செயலுக்குப் பெயர்கின்றது: யார் வெட்டுகின்றார், யாருக்காக வெட்டுகின்றார், வெட்டியபின் எதனை நினைக்கின்றார்?

இவ்விடத்தில் யப்பானியரின் கிமோனோவை ஒப்புநோக்குதல் பயன்தரும். மரபுவழிக் கிமோனோ ஏறத்தாழ 36 சென்ரிமீற்றர் அகலமும் 12 மீற்றர் நீளமும் கொண்ட ஒரே துணிச் சுருளிலிருந்து தைக்கப்படுவது. உடலின் வளைவுக்கேற்ப அதனை வளைத்து வெட்டுவதில்லை. நேர்கோட்டில் வெட்டிய நீள்சதுரங்களையே இணைப்பர். ஆதலால் துணி வீணாவதில்லை. முழுமையாகக் கழுவவேண்டிய போது தையலைப் பிரித்து, துண்டுகளை மீண்டும் ஒரே நீளத்துணியாக இணைத்துக் கழுவி, விறைப்பாக இழுத்துக் காயவிட்டு, மறுபடியும் தைப்பர். வெளுத்த பக்கத்தை உட்புறமாக்கலாம். தேய்ந்த இடத்தை மறைவிடத்துக்கு மாற்றலாம். பெரியவரின் உடையைச் சிறுவருக்கு ஆக்கலாம். அதன் பின்னர் அது உள்துணியாகும், படுக்கை உறையாகும், துடைக்குந் துணியாகும். யப்பானின் வடகோடியிலே, பருத்தி விளையாத குளிர்ப்பிரதேசங்களில், வறிய உழவர் கந்தலின்மேற் கந்தலாக ஒட்டுப்போட்டுத் தலைமுறை தலைமுறையாக உடுத்தனர். ஒருகாலத்தில் வறுமையின் வெட்கமாயிருந்த அவ்வொட்டுத்துணிகள் இன்று அரும்பொருட் சாலைகளிலே இடம்பெறுகின்றன.

1868இல் தொடங்கிய மெய்யிச் சீர்திருத்தத்தின் பின்னர் மேலைநாட்டு உடை யப்பானிலே பரவிற்று. இரண்டாம் உலகப்போரின் பின்னர் கிமோனோ பெரும்பாலும் சடங்குநாள் உடையாக ஒடுங்கிற்று. பாட்டியரின் இழுப்பறைகளிலே உடுப்பாரற்றுக் கிடக்கும் பட்டுக் கிமோனோக்களை இன்றைய தையற்கலைஞர் சட்டைகளாகவும் நீளங்கிகளாகவும் கைப்பைகளாகவும் மாற்றுகின்றனர். இதுவும் பழைய மரபின் தொடர்ச்சியே என்று வாதிக்கப்படுகின்றது. ஆயின் ஒரு வேறுபாடு உண்டு. முன்னையோர் தையலைப் பிரித்தனர். இன்றையோர் துணியை உடலின் வளைவுக்கு வெட்டுகின்றனர். பிரித்ததை மீளச் சேர்க்கலாம். வளைத்து வெட்டியதைச் சேர்த்தல் அரிது. அன்றியும், திருமணம் போன்ற பெருநிகழ்வுகளிலே மணமான பெண்டிர் உடுக்கும் கருநிறக் கிமோனோவில் ஐந்து இடங்களிலே குடும்பச் சின்னம் பொறிக்கப்பட்டிருக்கும். அது உல்லாசப் பயணி ஒருவரின் மேலங்கியாகும்போது அச்சின்னம் வெறும் வட்டவடிவ அலங்காரமாகிவிடுகின்றது. துணி பிழைத்தது; அது சொன்ன சொல் பிழைக்கவில்லை. மறுபயன் யாவும் காத்தல் ஆகாது என்பதற்கு இஃது ஒரு சான்று.

தமிழரின் சேலை கிமோனோவினின்றும் வேறானது. தையல் காணாது, தறியிலிருந்து வந்த வடிவிலேயே உடுக்கப்படுவது அது. ஆதலின் கூறைக்கு முதல்வெட்டு என்பது பிரித்தலன்று, மீளமுடியாத மாற்றம். மூத்தவரின் தயக்கத்தில் இந்த அறிவும் கலந்திருக்கின்றது. ஆயினும் தயக்கம் தடையாகிவிட வேண்டியதில்லை என்பதற்கு இத்தீவின் மக்களுக்கு அறிமுகமான பௌத்த மரபிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டைக் காட்டலாம். விநயபிடகத்திலே வரும் வரலாறு அது. உதேனன் என்னும் அரசனின் மகளிர் ஆனந்த தேரருக்கு ஐந்நூறு ஆடைகளை வழங்கினர். இத்தனை ஆடை ஒரு துறவிக்கு எதற்கு என்று அரசன் வினவ, ஆடை கிழிந்த துறவியரோடு பகிர்ந்துகொள்வதாக ஆனந்தர் விடையிறுத்தார். பழையவற்றை என்செய்வீர் என்று அரசன் மேலும் மேலும் கேட்க, அவை விரிப்பாகும், பின் மெத்தை உறையாகும், பின் தரைவிரிப்பாகும், பின் கால் துடைக்கும் துணியாகும், பின் தூசி தட்டும் துணியாகும், ஈற்றில் நொறுக்கிச் சேற்றோடு குழைத்துத் தரைக்குப் பூசப்படும் என்று ஆனந்தர் ஒழுங்காகக் கூறினார். ஆடை படிப்படியாகத் தாழ்வதாகத் தோன்றும் இவ்வரிசையிலே தாழ்வு எதுவுமில்லை. ஒவ்வொரு படியிலும் அது ஒருவருக்கு வேண்டியதாயிருந்தது. கொடையைப் பெற்றவர் கொடுத்தவருக்குச் செய்யும் மதிப்பு, அக்கொடையின் கடைசி இழைவரை அதனைப் பயனின்றி விடாமையே என்பது அவ்வரலாற்றின் கருத்தாகும்.

யாழ்ப்பாணத்து இல்லங்களிலும் இத்தகைய வரிசை ஒன்று எழுதப்படாத ஒழுங்காக வழங்கிவந்தது. நைந்த பருத்திச் சேலை குழந்தைக்கு ஏணையாயிற்று. பழைய வேட்டி விளக்குத் திரியாகவும் காயத்துக்குக் கட்டாகவும் அடுப்படியிலே பானை இறக்கும் துணியாகவும் ஆயிற்று. வங்காளத்திலே பழஞ்சேலைகளை அடுக்கி, அவற்றின் கரையிலிருந்து உருவிய நூலாலேயே தைத்துப் போர்வையாக்கும் காந்தா என்னும் கலை வளர்ந்ததும் இத்தகைய இல்லறச் சிக்கனத்தினாலேயே. இவை எவற்றிலும் அறச்சிக்கல் எழுவதில்லை. கொடுப்பவரும் பெறுபவரும் ஒரே வீட்டினர். வெட்டும் கை உடுத்த கையே.

சிக்கல் எழுவது துணி வீட்டெல்லையைக் கடக்கும்போது. யாழ்ப்பாணச் சமூகத்திலே ஒடுக்கப்பட்ட சாதியினர் எதனை உடுக்கலாம், எதனை உடுக்கலாகாது என்பது நெடுங்காலம் மேலாதிக்கம் பெற்றோரால் வரையறுக்கப்பட்டிருந்தது. பெண்டிர் மேலுடம்பை மூடுதற்கும் ஆடவர் தோளிற் சால்வை இடுதற்கும் தடைகள் இருந்தமை சமூகவியலார் பதிந்த செய்தி. அத்தகைய சமூகத்திலே ‘பழசு கொடுத்தல்’ என்பது ஈகையின் தோற்றத்தோடு படிநிலையை உறுதிசெய்யும் செயலாகவும் அமைந்தது. கொடுத்தவர் துணியை மட்டுமன்றித் தம் மேன்மையையும் பெற்றவரின் தோளிலே ஏற்றினார். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலிலே ஆலயப் பிரவேசத்துக்காகப் போராடியோர் வேண்டியது எஞ்சியதில் ஒரு பங்கையன்று, ஒத்த மதிப்பையே.

இதே வினா 1921இல் இந்தியாவிலே வேறுவடிவில் எழுந்தது. அந்நியத் துணிகளைத் தீயிலிடும் இயக்கத்தைக் காந்தியடிகள் நடத்தியபோது, உடுக்கத் துணியற்றோர் நாட்டில் துணியை எரித்தல் தகுமோ என்று தாகூர் கண்டித்தார். தமக்குத் தகாதெனத் தள்ளியதை ஏழைக்குக் கொடுப்பது அவனது தன்மானத்தை மதியாமை என்பது காந்தியாரின் நிலைப்பாடாயிற்று. 1927 நவம்பரிலே கதருக்கு நிதிவேண்டி யாழ்ப்பாணத்துக்கும் வந்த அப்பெரியாரின் வாதம் முழுதும் ஏற்கத்தக்கதன்று. குளிரில் நடுங்குபவனுக்குத் தத்துவம் போர்வையாகாது. எனினும் அதன் ஒரு கூறு மறுக்கவொண்ணாதது. மறுபயனின் அறத்தைத் துணி சிக்கனப்பட்டதா என்பதைக் கொண்டு மாத்திரம் அளத்தல் இயலாது. அதனைப் பெறுபவர் நிமிர்ந்து நின்று பெற்றாரா என்பதையும் கொண்டே அளத்தல் வேண்டும். இன்று வசதியுடையோர் பழமையைத் தைத்து அணிதல் இரசனையாகப் போற்றப்படுகின்றது. வேறு வழியின்றி ஒட்டுப்போட்டவரின் உடை அவ்வாறு போற்றப்பட்டதில்லை என்பதை அவ்விரசனை மறந்துவிடலாகாது.

கூறையைப் பற்றிய சிந்தனை யாழ்ப்பாணத்தாரிடத்து மேலும் ஒரு படி செல்லவேண்டியுள்ளது. 1990இன் பின்னர் பொருளாதாரத் தடையினாலே மண்ணெண்ணெய் அரும்பொருளானபோது, ஜாம் போத்தலிலே சிறிதளவு எண்ணெயும் ஒரு திரியுமாக அமைந்த விளக்கின் ஒளியிலே குடாநாட்டு மாணவர் படித்தனர். 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கிலே ஒரே இரவில் வெளியேறியபோது, ஒரு வாழ்வு முழுவதிலிருந்தும் கையளவானதையே தெரிந்தெடுக்க நேர்ந்தது. அவ்வாறு சென்றோருட் பலர் பின்னர் வன்னியிலே தங்கினர். 2009இன் முற்பகுதியிலே, முள்ளிவாய்க்கால் நோக்கி ஒடுங்கிய மணற்பரப்பிலே, எறிகணைக்குத் தப்பப் பதுங்குகுழி வெட்டிய மக்கள், மண் நிரப்பச் சாக்கில்லாத நிலையில் சேலைகளை வெட்டிப் பைகளாகத் தைத்தனர். அவற்றுள் பட்டுச் சேலைகளும் கூறைகளும் இருந்தன என்பது உயிர்தப்பியோர் பலரின் சாட்சியம்.

அந்த வெட்டைப் பற்றி அறவியல் என்ன கூறும்? அது தவறு என்று எவரும் கூறார். குழந்தையின் தலைக்கு மேலே மண்சரியாது தாங்கிய கூறை, மணவறையில் பெற்ற ஆசியை அன்றே முழுமையாக நிறைவேற்றியது எனலாம். வாழ்க என்று வாழ்த்தப்பட்ட துணி வாழவைக்க முயன்றது. ஆயினும் அதனைச் சிறந்த மறுபயன் என்று பாராட்டவும் நாவெழாது. அங்கே துணிதல் இருந்தது, தெரிவு இருக்கவில்லை. வெட்டியவள் தன் கூறையை மட்டுமன்று, அதனை வெட்டுவதா வைத்திருப்பதா என்று சிந்திக்கும் உரிமையையும் இழந்திருந்தாள். தன் மகளோடு அதுபற்றி வாதிடும் வாய்ப்பும் அவளுக்கு இருக்கவில்லை. இன்று ஒரு வீட்டிலே மூத்தவரும் மகளும் கத்தரிக்கோலை நடுவில் வைத்து வழக்காடுகின்றார்களெனின், அவ்வழக்கே அமைதிக்காலம் தந்த ஒரு பேறு என்பது உணரத்தக்கது.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்குமிடத்துச் சில தெளிவுகள் பிறக்கின்றன. முதலாவது, வெட்டும் உரிமை அவ்வாடையின் நினைவைச் சுமப்பவருக்கே உரியது. தாய் உயிரோடிருப்பின் அவளது இசைவின்றி மகள் வெட்டுதல் திருட்டுக்கு அணித்தானது. அவள் மறைந்தபின் அவளை அறிந்தோர் கூடி முடிவு செய்தல் பொருந்தும். இரண்டாவது, புதிய பொருள் பழையதன் பெயரைச் சொல்லக்கூடியதாக இருத்தல் வேண்டும். ‘இது அம்மாவின் கூறை’ என்று பாவாடை உடுத்த சிறுமிக்குச் சொல்லிக்கொடுக்கும்வரை கூறை தொடர்கின்றது. அச்சொல் நின்றுவிட்டால் சட்டகத்திலே பூட்டிவைத்த முழுச்சேலையும் தொடர்வதில்லை. சரிகையின் வெள்ளிக்காக மட்டும் பழம்பட்டை எரிப்பவரிடம் விற்றல் இவ்வளவையாலே தாழ்ந்ததாகும். அங்கே எஞ்சுவது உலோகம் ஒன்றே. மூன்றாவது, கொடுக்கப்படுவதாயின் கொடுப்பவர் தாமும் உடுக்க நாணாத வடிவிலே அது கொடுக்கப்படல் வேண்டும்.

நான்காவதாக ஒரு விலக்கையும் கூறவேண்டும். வீடும் நிழற்படமும் ஊரும் இழந்த குடும்பங்கள் சிலவற்றுக்கு ஒரு கூறை மட்டுமே எஞ்சியிருக்கின்றது. அங்கே அது ஒருத்தியின் மணநாளுக்கு மட்டுமன்று, இல்லாமற்போன ஒரு வீட்டுக்கும் சாட்சி. அத்தகையதை வெட்டாது வைத்தலே தகும் என்று ஒருவர் முடிவு செய்வாராயின் அவரைப் பழமைவாதி எனல் நீதியன்று. ஆனால் வைப்பவர் அதனை ஆண்டுக்கொரு முறையேனும் விரித்து, மடிப்பை மாற்றி, காற்றுப்பட விட்டு, அதன் கதையைச் சொல்லி வைத்தல் வேண்டும். மடிப்பு மாறாத கூறை தானே அறுந்துபோம் என்பது பட்டுக்கு மட்டும் பொருந்தும் உண்மையன்று, மரபுக்கும் பொருந்தும்.

வளையிலே கட்டிய ஏணையில் ஒரு குழந்தை உறங்கும்போது, அது தாயின் பழஞ்சேலையா, பேர்த்தியாரின் பழஞ்சேலையா என்று பக்கத்து வீட்டார் கேட்பதுண்டு. அப்படிக் கேட்பவர்களுள் அச்சேலைக்கு இது தகுமோ என்று வினவியவர் இல்லை. உடுத்தவளின் உடல் மணம் அக்குழந்தையை உறக்கிற்று. அதற்குமேல் ஒரு விளக்கம் வேண்டப்படவில்லை. கூறைக்கு முன்னால் தயங்கி நிற்கும் கை, கத்தரிக்கோலை எடுப்பினும் வைப்பினும், அந்த ஏணையைக் கட்டிய கையின் அன்போடு அதனைச் செய்யுமாயின் பிழை செய்யாது.